உன் அம்மாவின் தளத்துக்கு நான் போட்ட பூட்டு

பாப்பாவுக்கு,

இதைப் படிக்கும்போது நீ பெரியவளாகியிருப்பாய். ஒரு வேலை, ஒரு வாடகை வீடு, அப்பா சொன்னால் உடனே தலையாட்டாத ஒரு மனசு எல்லாம் உனக்கு வந்திருக்கும். இப்போது உனக்கு ஐந்து வயது. இன்று காலை கேட்டாய்: "ஏம்ப்பா கேட்டப் பூட்டிப் பூட்டிப் பாக்கற? நாய் வந்துடுமா?" ஆமாம், நாய் வரும் என்றேன். அது பொய். ஐந்து வயதுப் பிள்ளையிடம் உண்மையைச் சொல்ல முடியாது. நீ வளரும் வரை காத்திருக்கும் பொறுமையும் எனக்கு இல்லை. எனக்கு லிஃப்ட் வரும் வரை நிற்கும் பொறுமைகூடக் கிடையாது என்று உன் அம்மாவே சொல்வாள். அதனால் வளர்ந்த உனக்கு இப்போதே எழுதிவிடுகிறேன். ஊரே படிக்கலாம். உன் பெயரை மட்டும் இதில் போடவில்லை. காரணம் போகப் போகத் தெரியும்.

என்றாவது ஒருநாள் நீயும் இணையத்தில் உனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று நினைப்பாய். அடுத்தவன் தளத்தில் ஒரு கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, அவன் எப்போது மூடுவானோ என்று பார்த்துக்கொண்டிருப்பது உனக்குப் பிடிக்காது. நீ உன் அம்மாவின் மகள். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் இருப்பேனோ, இருந்தாலும் என்னிடம் கேட்பாயோ, தெரியாது. சொந்தமாக ஒரு வலைப்பூ வைப்பது எப்படி என்று சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள். எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்கிறேன். இத்தனை நாளாக அதில்தான் மாட்டிக்கொண்டு கிடக்கிறேன்.

நம் வீடு செம்பாக்கத்தில், தெருவின் கடைசியில். மொட்டை மாடியில் ஏறினால் ஏரி. உன் அம்மா எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். நான் திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குக் கம்ப்யூட்டர், சர்வர் எல்லாம் பார்த்துக்கொடுப்பவன். லேத் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசிப் பழகி வீட்டிலும் கத்துகிறேன் என்பது அவள் புகார். உன்னைப் பள்ளிக்குக் கிளப்புவதற்கு முன் அவள் மாடியில் துணி உலர்த்தப் போவாள். அப்போதுதான் அந்த லாரியைப் பார்த்தாள். செப்டிக் டேங்க் கழிவை உறிஞ்சி எடுத்து வரும் லாரி, கரையோரம் பின்பக்கமாக வந்து, குழாயை ஏரிக்குள் விட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போனது. மறுநாளும் வந்தது. அவள் படம் எடுத்தாள். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் பள்ளி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதித்தாள். கிடைத்ததை எல்லாரும் எழுதுகிற ஒரு பெரிய தளத்தில் ஒரு பக்கம் தொடங்கி எழுதினாள். கூட்டமாகச் சேர்ந்து யாரோ அந்தப் பக்கத்தின் மேல் புகார் அனுப்பினார்கள். ஒருநாள் காலையில் திறந்தால் பக்கம் இல்லை. காரணம் கேட்டு எழுதினாள். யாரும் பதில் போடவில்லை.

அன்று அவள் சமையலறையில் நின்றபடியே என்னிடம் கேட்டது இதுதான்: "எனக்குன்னு ஒரு எடம் வேணும்டா. யாருமே பூட்ட முடியாத எடம். பண்ணித் தர முடியுமா முடியாதா?" கல்லூரியில் இருந்தே என்னை டா போட்டுத்தான் பேசுவாள். கோபம் முற்றினால் மட்டும் 'நீங்க' என்பாள். அது பிறகு வரும்.

பண்ணிக் கொடுத்தேன். மூன்று விஷயம்தான், பெரிய வித்தை இல்லை. தளத்துக்கு ஒரு பெயர் வேண்டும். அதைப் பதிவு செய்து வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தளம் தங்குவதற்கு எப்போதும் விழித்திருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். எங்கோ இருக்கும் ஒரு சர்வரில் கொஞ்சம் இடத்தை வாடகைக்கு எடுக்கலாம். அதில் எழுதவும் படம் போடவும் ஒரு மென்பொருள் வேண்டும், அது இலவசம். பெயர் வாங்கும்போது அவசரத்தில் என் மின்னஞ்சலைக் கொடுத்தேன். என் கார்டில் கட்டினேன். சர்வர் ஏற்கெனவே என் பெயரில் இருந்தது. மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் நஸீர் பாய்க்கு, பைப்பும் மோட்டாரும் விலை போட்ட ஒரு சின்னத் தளம் அதில்தான் ஓடியது. "பாய் தளம் பக்கத்துலயே உன்னையும் குடி வெச்சிட்டேன். ஒரே வாடகை, ரெண்டு பேர்" என்று பெருமையாகச் சொன்னேன். அவளிடம் அப்போது அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

எழுதக் கற்றுக்கொடுத்ததை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. "அதை அழுத்து. அது இல்ல. அதுக்குப் பக்கத்துல. கண்ணு தெரியலையா?" என்பேன். அவள் எழுந்து போய்விடுவாள். "என் ஸ்டூடண்ட்ஸ் கிட்ட நான் இப்படிப் பேசினா ஸ்டாஃப் ரூம்ல டீ கூட குடுக்க மாட்டாங்க" என்பாள். "பாஸ்வேர்டு என்ன வெச்ச?" என்று கேட்டேன். உன் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து வைத்திருந்தாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீ அப்படிச் செய்யாதே. நீளமாக, சம்பந்தமில்லாமல், வேறெங்கும் பயன்படுத்தாததாக வை. எழுதியதன் நகல் ஒன்று எப்போதும் வேறு இடத்தில் இருக்கட்டும்; அதே சர்வரிலேயே நகலை வைப்பது, வீட்டுச் சாவியின் டூப்ளிகேட்டை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே போவது மாதிரி. மென்பொருள் 'புதுப்பி' என்றால் அன்றைக்கே புதுப்பி. கருத்து எழுதுகிறவர்களை நேராக உள்ளே விடாதே. நீ பார்த்துச் சரி என்ற பிறகு வெளியே வரும்படி வை. இதெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். சரியாகச் செய்த பத்தை நான் வாழ்க்கையில் என்றுமே மறந்ததில்லை. தப்பாகச் செய்த ஒன்றுதான் கண்ணில் படுவதில்லை.

அவள் பெயர் போடாமல் எழுதினாள். 'ஏரிக்கரையில் இருப்பவள்' என்று மட்டும். மாடியிலிருந்து எடுத்த படங்களைப் போட்டாள். போன் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எங்கே எடுக்கப்பட்டது என்ற குறிப்பு ஒளிந்திருக்கும், தெரியுமா? பெரிய தளங்கள் படத்தை வாங்கும்போதே பெரும்பாலும் அதை உரித்து எறிந்துவிடும். நம் சொந்தத் தளம் நாம் சொல்லாமல் எதையும் உரிக்காது. கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் சோதித்தேன். வலைப்பக்கத்தில் தெரிந்த படத்தை எடுத்துப் பார்த்தேன். குறிப்பு எதுவும் இல்லை. "க்ளீன். தைரியமா போடு" என்றேன். ஆனால் வலைப்பக்கத்தில் தெரிவது, மென்பொருள் தானாகச் சுருக்கி வைத்த சின்னப் படம். சுருக்கும்போது குறிப்பு உதிர்ந்துவிடும். முழு அளவுப் படம் பின்னால் அப்படியே இருக்கும். படத்தின் இணைய முகவரியைக் கொஞ்சம் மாற்றித் தட்டத் தெரிந்தவன் அதை எடுத்துவிடலாம். நான் அதைப் பார்க்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் பயந்துபோய் எல்லாவற்றையும் துடைத்திருப்பான். தெரிந்தவன் என்ற திமிரில் நான் பாதி சோதித்துவிட்டு எழுந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். நீ ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாய். கருத்து ஒன்று ஒப்புதலுக்குக் காத்திருக்கிறது என்று என் போனில் வந்தது. திறந்தேன். மரியாதையாக எழுதியிருந்தான்: "டீச்சரம்மா, மாடியில் வெயில் ஜாஸ்தி. பாப்பாவை நிழலில் நிற்க வைக்கவும்."

அவ்வளவுதான். திட்டு இல்லை. மிரட்டல் என்று போலீசில் காட்டினால்கூட, "அக்கறையாத்தானே எழுதியிருக்கான்?" என்று கேட்பார்கள். பெயர்கூடப் போடாத தளத்தில் நாம் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. செருப்பைக் கண்டுபிடித்து உன் காலில் மாட்டினேன். அன்று பிரசங்கம் எதைப் பற்றி என்று என்னைக் கேட்காதே. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, முழு அளவுப் படம் ஒன்றை இறக்கி, அதன் விவரத்தைத் திறந்தேன். வரைபடம் விரிந்தது. சிவப்புப் புள்ளி நம் மொட்டை மாடியில், துணிக் கம்பிக்குப் பக்கத்தில் நின்றது. முன் வரிசையில் நீ அம்மாவின் தோளில் சாய்ந்து திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் கருத்தை இரண்டு முறை படித்தாள். "க்ளீன்னு சொன்னியே டா" என்றாள். நான் உடனே எல்லாப் படங்களிலிருந்தும் அந்தக் குறிப்பைத் துடைத்தேன், கடவுச்சொற்களை மாற்றினேன், கேட்டுக்குக் கேமரா வாங்கி மாட்டினேன். பயம் வந்தால் எனக்கு வேலை செய்யத்தான் தெரியும். ஆனால் வெளியே போன குறிப்பைத் திரும்ப உள்ளே இழுக்க எந்தப் பொத்தானும் இல்லை. உன் பள்ளி வேனை நிறுத்திவிட்டு நானே கொண்டுவிட்டேன். வேன் அங்கிளை உனக்குப் பிடிக்கும், அழுதாய்.

பிறகு அந்த லாரி நம் தெரு முனையில் நிற்க ஆரம்பித்தது. கழிவு கொட்டவில்லை, சும்மா நின்றது. டீக்கடையில் நான் ஒருநாள் டீ வாங்கியபோது அதன் டிரைவர் என் பக்கத்தில் வந்து நின்றான். என்னைவிடச் சின்னப் பையன். கண்ணில் கோபமே இல்லை.

"இன்னா சார், கடைசி வூடு தானே நீங்க?"

"ஆமா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். பாப்பா மாடில சூப்பரா டான்ஸ் ஆடிகினு இருந்துச்சு. எங்க ஓனரு கூட பாத்துட்டு சிரிச்சாரு." கிளாசை வைத்தான். "நல்லா படிக்க வைங்க சார். வூட்ல சொல்லி வைங்க, போட்டோல்லாம் எடுத்தா போன் கெட்டுப் பூடும்."

கடைக்காரர் சிரித்தார். ஜோக் என்று நினைத்திருப்பார். நானும் சிரித்தேன், பாப்பா. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. என் வாய் தானாகச் சிரித்தது.

அன்று மதியம் உன் அம்மாவிடம், "எடுத்துடு. எல்லாத்தையும் எடுத்துடு. ஏரி எங்கயும் போகாது, பாப்பா முக்கியம்" என்றேன். "எடுத்தா அவன் பாப்பாவ மறந்துடுவானா? இந்த வீடுதான்னு தெரிஞ்சது தெரிஞ்சதுதானே?" என்றாள். கத்தினேன். "உனக்குப் பிள்ளையவிட ப்ளாக் பெருசா?" என்று கேட்டேன். அவள் விடைத்தாள்களைத் திருத்தப் போய்விட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டவன் உன் அப்பா என்பதை நீ தெரிந்துகொள்வதுதான் நல்லது.

மறுநாள் திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இருந்தபடி, போனிலிருந்தே சர்வருக்குள் போனேன். ஒரு வரி தட்டினேன். அவள் தளம் அணைந்தது. குன்றத்தூர் போகிற வண்டிகள் வெளியே ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. பட்டறையில் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு சுலபமாக இருந்தது, தெரியுமா? பல நாள் கழித்து மூச்சு விட்டேன். சாயங்காலம் அவள், "சைட் வரலையே டா" என்றாள். "சர்வர் டவுன். அவங்க சரி பண்ணிட்டிருக்காங்க" என்றேன். "சரி, நீ இருக்க, பாத்துப்ப" என்று உனக்குச் சாதம் பிசைந்தாள். இரண்டு நாள் அப்படியே ஓட்டினேன். லாரியும் வரவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

உன் அம்மா கெமிஸ்ட்ரி டீச்சர் என்பதை மறந்துவிட்டேன். ஒரு திரவத்தைச் சோதித்தால் பக்கத்தில் சோதிக்காத இன்னொரு குழாயையும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறவள் அவள். மூன்றாம் நாள் நான் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் தன் போனை நீட்டினாள். நஸீர் பாய் கடையின் தளம். அரை இஞ்ச் பைப் என்ன விலை என்று அழகாகத் தெரிந்தது.

"ஒரே வாடகை, ரெண்டு பேர்னு சொன்னீங்க. பாய் வீட்ல லைட் எரியுது. என் வீட்ல மட்டும் கரெண்ட் இல்லையா?"

'நீங்க' என்றாள். நான் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். எதையாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"லாரிக்காரன் மிரட்டத்தான் செஞ்சான். பூட்டினது நீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நீ உள்ளேயிருந்து ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாய். யாரும் பூட்ட முடியாத இடம் கேட்டாள். கொடுத்தேன். பெயர் என் மின்னஞ்சலில், வாடகை என் கார்டில், சாவி என் போனில். அவளைப் பழைய பக்கத்திலிருந்து வெளியே தள்ளியவர்கள் எங்கோ முகம் தெரியாமல் இருந்தார்கள். இரண்டாவதாகப் பூட்டியவன் அவளோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன்.

அன்றைக்கே தளத்தைத் திறந்துவிட்டேன். அதோடு முடியவில்லை. "எல்லாத்தையும் என் பேருக்கு மாத்து. எப்படின்னு சொல்லிக் குடு. கத்தாம" என்றாள். அடுத்து வந்த நாட்களில் எல்லாம் மாறியது. தளத்தின் பெயர் அவள் மின்னஞ்சலுக்குப் போனது. சர்வரில் அவளுக்குத் தனி இடம், தனிக் கணக்கு, அவள் கார்டு. போன் தொலைந்தால் உள்ளே நுழைய உதவும் அவசர எண்களைக் காகிதத்தில் எழுதி, நான் கேட்கக் கேட்கச் சொல்லாமல், எங்கோ வைத்தாள். நகல் எடுக்கவும் அதிலிருந்து திரும்பக் கொண்டுவரவும் தானே செய்து பார்த்தாள். நடுவில் ஒரு தடவை தளமே வெள்ளையாகப் போய்விட்டது. என் கை பரபரத்தது. "தொடாத" என்றாள். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவளே கொண்டுவந்தாள். கடைசியில் என் கணக்கை நீக்கினாள். நீக்கும்போது மென்பொருள் ஒன்று கேட்கும்: இவர் எழுதியதை அழித்துவிடவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று. தளம் அமைத்த அன்று சோதனைக்காக 'வணக்கம்' என்று ஒரு வரி போட்டிருந்தேன். அது ஒன்றுதான் அங்கே நான் எழுதியது. அவள் கொஞ்சம் யோசித்தாள். "இருக்கட்டும்" என்று தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள்.

பிறகு அவள் செய்ததுதான் எனக்கு இன்றுவரை தூக்கத்தைக் கெடுக்கிறது. தளத்தின் தலையில் தன் பெயரைப் போட்டாள். எஸ்தர், செம்பாக்கம், கெமிஸ்ட்ரி டீச்சர். அந்தக் கருத்தையும் ஒப்புதல் கொடுத்து வெளியிட்டாள், பாப்பா என்ற சொல்லை மட்டும் மறைத்து. "பைத்தியமா உனக்கு?" என்றேன். "அவனுக்கு மட்டும் தெரிஞ்சாத்தான் டா பயம். தெருவுக்கே தெரியட்டும்" என்றாள். மறுபடி டா வந்தது. நஸீர் பாய் அதைப் படித்துவிட்டுக் கடையை அடைக்காமல் நேராக வந்தார். கேட்டில் நின்று என்னைத்தான் திட்டினார். "ஏன் சார், இவ்ளோ நடந்துருக்கு, ஒரு வார்த்த சொல்லல? நாங்கல்லாம் எதுக்கு இருக்கோம், பைப் விக்கவா?" இப்போது காலையில் நம் மாடியில் மட்டும் இல்லை, எதிர் வரிசையிலும் இரண்டு மாடிகளில் ஏரியைப் பார்த்தபடி ஆள் நிற்கிறது.

இது நல்ல முடிவு என்று நினைத்துவிடாதே. எதுவும் முடியவில்லை. நேற்றும் தெரு முனையில் ஒரு லாரி நின்றது. அதே லாரியா என்று தெரியவில்லை; எல்லாம் ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன. ஹார்ன் கேட்டால் உன்னை எங்கே என்று தேடுகிறேன். கேட்டைப் பூட்டினேனா என்று மறுபடி போய்ப் பார்க்கிறேன். அவள் எழுதுவதை நிறுத்தினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். இதை எழுதும் இந்த நிமிஷமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் நிறுத்தும் சாவி என்னிடம் இல்லை. இருந்தால் ஒருவேளை மறுபடியும் பூட்டியிருப்பேன். என்னை நான் அவ்வளவு நம்பவில்லை.

உனக்கும் அதையே சொல்கிறேன். உன் தளத்தை நீ வைக்கும்போது உதவிக்கு யாராவது வருவார்கள். அண்ணன் முறை ஆகிற ஒருவன், காதலன், கணவன், என்னை மாதிரி அவசரக்கார அப்பன். கெட்டவர்களாக இருக்க மாட்டார்கள். "நீ எழுது, மத்தத நான் பாத்துக்கறேன்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். கற்றுக்கொடுக்கச் சொல், சாவியைக் கொடுக்காதே. உன்மேல் உயிரையே வைத்திருக்கிறவன் உனக்காகப் பயந்தால் என்ன செய்வான் என்று நான் செய்து பார்த்துவிட்டேன்.

இந்தக் கடிதம் அவள் தளத்தில்தான் வர வேண்டும் என்று கேட்டேன். எனக்குப் புதிதாக ஒரு கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறாள். எழுதலாம், வெளியிட முடியாது. எழுதி முடித்தால் எனக்கு ஒரே ஒரு பொத்தான்தான்: 'ஒப்புதலுக்கு அனுப்பு'. அவள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறாள், நீ அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறாய். இங்கிருந்து காலடிச் சத்தம் கேட்கிறது. தெருவில் ஏதோ ஒரு கனமான வண்டி திரும்புகிறது. அழுத்திவிட்டு மேலே வருகிறேன்.

அப்பா